இன்னொரு கையில் என்ன?

ஒரே இழுப்பில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பொய் சொன்னவன் நான். வாயால் சொல்லியிருந்தால் நாலு நாள் ஆகியிருக்கும், மூச்சும் வாங்கியிருக்கும். கணினி இருந்ததால் சுலபமாக முடிந்தது. அட்டவணையின் முதல் கட்டத்தில் ‘ஆம்’ என்று அடித்து, அதன் மூலையைச் சுட்டியால் பிடித்துக் கீழே இழுத்தால் போதும். அந்த ‘ஆம்’ கடைசி வரிவரைக்கும் தானாக வழிந்து போய்விடும். அந்தப் பத்தியின் தலைப்பு, ‘திரையில் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது’. நான் எந்தத் திரையையும் பார்க்கவில்லை. வலது கையில் சுட்டி இருந்ததால் வடையை இடது கையில் பிடித்துத் தின்றுகொண்டிருந்தேன். அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

சில வருஷங்களுக்கு முந்திய சங்கதி. ஒத்தக்கடையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இணையச் செயலிகளில் வரும் எழுத்துகளை, பொத்தானில் இருப்பது, பெட்டிக்குள் வருவது, கைப்பேசியில் டிங் என்று வந்து விழுவது எல்லாவற்றையும் தமிழ், தெலுங்கு, இந்தி, உருது என்று மாற்றிக் கொடுப்பது தொழில். ஆறேழு பேர். நான் ‘மொழித் தர மேலாளர்’. நாலு புத்தகம் படித்தவன் என்று வீட்டிலும், ஆபீஸ் நடத்தத் தெரிந்தவன் என்று புத்தகக்காரர்களிடமும் ஒரு பேச்சு உண்டு. இரண்டு இடத்திலும் யாரும் விசாரித்துப் பார்க்காததால் இரண்டும் நிலைத்துவிட்டன.

அங்கேதான் ஆபா வந்து சேர்ந்தார். ஆபா என்றால் உருதுவில் அக்கா. தெற்குவாசல் பக்கம் பழைய குடும்பம்; தமிழ், உருது இரண்டும் எழுதுவார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆபீசே ஆபா என்று கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணே என்பார். ஆளுக்கு ஆள் மற்றவரை மூத்தவராக்கி வைத்துக்கொண்டதில், பொறுப்பை யார் எடுப்பது என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

வேலைக்கு எடுக்குமுன் நாற்பது வரி கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கம். ஒரு மணி நேரம் கழித்து ஆபா தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை. பதிலுக்கு முப்பத்தெட்டுக் கேள்வி எழுதியிருந்தார். இது எங்கே வரும், யார் பார்ப்பார், ஆம்பளையா பொம்பளையா, பார்த்ததும் என்ன செய்யணும்?

“நாற்பது வரிக்கு முப்பத்தெட்டுதான் கேட்டிருக்கீங்க. மீதி ரெண்டு?” என்றேன், நக்கலாக.

“அது ரெண்டும் ‘சரி’யும் ‘வேண்டாமு’ம் அண்ணே. அதுலயும் கேள்வி இருக்கு. நீங்க மொகத்த அப்படி வெச்சிருந்தீங்களா, பாவம்னு விட்டுட்டேன்.”

எடுத்துக்கொண்டேன். வேறு ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். உண்மையில், அந்த முப்பத்தெட்டில் ஒன்றுக்குக்கூட எனக்குப் பதில் தெரியாதது கொஞ்சம் உறுத்தியது.

ஆபாவுக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தோம். அதில் அவருடைய கைப்பை உட்கார்ந்திருக்கும். அவர் நின்றுகொண்டேதான் அடிப்பார். இரண்டு வரி அடிப்பார், உட்காராத ஆள், உட்கார்ந்து எழுந்த வேகத்தில் ஜன்னல்வரை போவார், யானைமலையைப் பார்த்து அந்த வரியைச் சத்தமாகச் சொல்வார், தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்து அழிப்பார். சோறுகூட நடந்துகொண்டே. டப்பா ஒரு மேஜையில் திறக்கும், இன்னொரு மேஜையில் மூடும். அவர் இருந்த காலத்தில் ஆபீசில் மின்விசிறி போட்ட மாதிரியே இருக்கும். குளிர்ச்சி மட்டும் இருக்காது.

எங்கள் தொழிலின் அழகை இங்கே சொல்லியாக வேண்டும். செயலி எழுதுகிறவர்கள் முழு வாக்கியத்தைத் தருவதில்லை. ஆங்கில வாக்கியத்தைத் துண்டு போட்டு, ஒரு துண்டு பன்னிரண்டாவது வரியில், இன்னொன்று நானூற்று மூன்றாவது வரியில், நடுவே பேரும் தேதியும் வந்து விழுவதற்கு ஓட்டைகள் என்று அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் அந்தத் துண்டுகள் அதே வரிசையில் ஒட்டிக்கொள்ளும். தமிழிலும் உருதிலும் வால் எங்கேயோ, தலை எங்கேயோ.

“அண்ணே, இது எப்படி இருக்குன்னா, ஒரே கோழிய வெட்டி காலை ஒரு பையிலயும் நெஞ்சை ஒரு பையிலயும் போட்டு அனுப்பிட்டு, இது முட்டை போடுற கோழியான்னு கேக்குற மாதிரி இருக்கு” என்பார் ஆபா.

ஓட்டையைக் காலியாக விடவே மாட்டார். பழைய காலண்டர் தாளைக் கிழித்து, துண்டுத் துண்டாகப் பேர்கள் எழுதி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு துண்டை எடுத்து ஓட்டையில் வைத்துப் படிப்பார். நீளமான பேர் வந்தால் வாக்கியம் மூச்சு முட்டுகிறதா, பொம்பளைப் பேர் வந்தால் உருதில் ‘வந்தார்’ பொருந்துகிறதா, ஒரே ஒரு லிட்டர் என்றால் ‘லிட்டர்கள்’ அசிங்கமாக இருக்கிறதா. “ஆளைக் காட்டுங்க, வாக்கியம் சொல்றேன்” என்பதுதான் அவர் பேச்சு. ஆளில்லாத வாக்கியத்தை அவர் வாக்கியமாகவே மதிப்பதில்லை.

அப்போதுதான் பால் நிறுவனத்து வேலை வந்தது. பால் வாங்கும் ஒரு கம்பெனி, உசிலம்பட்டி, எழுமலைப் பக்கத்து மாட்டுக்காரர்களுக்காக ஒரு செயலி செய்திருந்தது. மாட்டுக்கு உடம்பு முடியாவிட்டால் அதில் பதியலாம். டாக்டர் எப்போது வருவார் என்று கைப்பேசிக்குச் செய்தி வரும். அவரால் வர முடியாமல் போனாலும் செய்தி வரும். பதினான்கு வீடுகளுக்கு மட்டும் வெள்ளோட்டமாகக் கொடுத்திருந்தார்கள். வேலையைக் கவனித்த மேனேஜர் பெங்களூரில் இருந்தார். நம்மூர்க்காரர்தான், தமிழ் பேசுவார்.

ஆபா முதல் நாளே அவரை ஒலிபெருக்கியில் பிடித்தார்.

“சார், இந்தச் சேதி வரும்போது அவங்க கையில என்ன இருக்கும்?”

“போன்தான் மேடம்.”

“அது ஒரு கை. இன்னொரு கையில?”

“அது எங்க ஸ்கோப்ல வராது மேடம்” என்றார் மேனேஜர். அதற்கப்புறம் ஆபா எழுதி அனுப்பிய அத்தனை கேள்விக்கும் ஒரே பதில் வந்தது: ஆங்கிலத்தில் உள்ளபடி.

“மாட்டுக் கயிறு இருக்கும் அண்ணே” என்றார் ஆபா என்னிடம். “இல்லாட்டி பால் கேன். செல்லைத் திறந்து, தொட்டு, முழுசாப் படிக்க மூணாவது கை வேணும். அதனால மூடின செல்லுல, மேல ரெண்டு வரி தெரியும்ல, அம்புட்டுத்தான் படிப்பாங்க.”

இதை எங்களுக்கு விளங்கவைக்க எல்லோரையும் நடைபாதையில் வரிசையாக நிறுத்தினார். தெலுங்கு பார்க்கும் பெண் ‘டாக்டர்’. இந்தி பார்க்கிறவர் ‘வியாழக்கிழமை’. டிசைனர் ‘ரத்து’.

“அண்ணே, நீங்க மாடு.”

“நான் எதுக்கு மாடு?”

“மாடு நடுவுல சும்மா நிக்கணும். உங்களுக்கு அது நல்லா வரும்.”

என் பணிக்காலத்தில் என்ன செய்யவேண்டும் என்று தெளிவாகச் சொல்லித் தரப்பட்ட ஒரே பதவி அதுதான். ஆங்கிலத்தில் ‘ரத்து’ முன்னால் நின்றது. டாக்டர், மாடு, வியாழன் எல்லாம் பின்னால். “இப்பத் தமிழுக்கு வாங்க” என்றார் ஆபா. நாங்கள் இடம் மாறினோம். ‘ரத்து’ கடைசிக்குப் போனார். நடைபாதையின் கடைசியில் இருப்பது பாத்ரூம். டிசைனர் அதற்குள் நின்றார். ஆபா போய்க் கதவைச் சாத்தினார்.

“இப்ப யாரு தெரியலை?”

“ரத்து தெரியலை ஆபா.”

“சின்ன செல்லுல இப்படித்தான் கதவு சாத்தும்.”

எல்லோரும் சிரித்தோம். நானும் மாடாகவே நின்று சிரித்தேன். ஆபா அந்தச் செய்தியை இப்படி எழுதினார்: ‘டாக்டர் வரமாட்டார்.’ அதற்கப்புறம்தான் எந்த மாடு, எந்த நாள், என்ன காரணம் எல்லாம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. தந்தி மாதிரி இருக்கிறது, தமிழ் இப்படி மொட்டையாக நடக்காது என்றேன்.

“நடக்காதுதான் அண்ணே. ஓடும்” என்றார்.

மறுநாள் ஆபா விடுப்பு. ஒப்படைக்க வேண்டிய நாள். அட்டவணை என் கையில். நாலு புத்தகம் படித்தவன் சும்மா இருப்பானா? அந்த வரியைச் செப்பனிட்டேன். ‘தங்கள் இன்ன பசுவின் பொருட்டு, இன்ன நாள் இத்தனை மணியளவில் தங்கள் இல்லத்திற்கு வருகைதரவிருந்த கால்நடை மருத்துவர் அவர்களின் வருகை, தவிர்க்கவியலாத காரணங்களால் ரத்து செய்யப்பட்டுள்ளது.’ எழுதிவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். தேர் மாதிரி அசைந்து வந்து நிலைக்கு நின்றது. இதே மாதிரி இன்னும் எட்டுப் பத்து வரி. பிறகுதான் அந்த இழுப்பு. ஆம், ஆம், ஆம், ஆம்.

ஆபா விடுப்பு போட்டது வீட்டு விசேஷத்துக்கு என்று நினைத்திருந்தேன். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டி போயிருக்கிறார். அங்கேயிருந்து டவுன் பஸ் மாறி மாறி, வெள்ளோட்டத்தில் இருந்த வீடுகளுக்கே. யாரும் போகச் சொல்லவில்லை. பஸ் காசும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில், படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் தன் செல்லை என் முன்னால் வைத்தார். ஒரு மாட்டுக்காரரின் கைப்பேசியைப் படமெடுத்து வந்திருந்தார். நான் ஒப்படைத்த எழுத்து அதில் அதற்குள் ஏறியிருந்தது. சோதனைக்காக அனுப்பிப் பார்த்த செய்தி.

‘தங்கள் செவலை பசுவின் பொருட்டு, வியாழன் அன்று காலை 11 மணியளவில் தங்கள் இல்லத்திற்கு வருகைதர…’

அதற்குமேல் மூன்று புள்ளி. கதவு சாத்திவிட்டது.

“அந்த ஆளுகிட்ட என்ன போட்டிருக்குன்னு கேட்டேன். ‘டாக்டர் வாராருன்னு போட்டிருக்கு’ங்கிறாரு. அண்ணே, டாக்டர் வரலைன்னு தெரிஞ்சா இன்னொருத்தரக் கூப்புட ஓடுவாங்க. வாராருன்னு நெனச்சா மாட்டைக் கட்டிப்போட்டு வாசலைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. மாடு செத்துப்போகும். யாரு மாத்துனது இத?”

“கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேன்னு…”

ஆபா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “இன்னைக்கு நாலு மணிக்கு எல்லார் செல்லுக்கும் போகுதாம். இப்பவே அந்த மேனேஜருக்குப் போன் போடுங்க. திரையப் பாக்கலை, நிறுத்துங்கன்னு சொல்லுங்க.”

அங்கேதான் சிக்கல். நிறுத்தச் சொன்னால், பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்ததெல்லாம் பொய் என்று ஆகும். நான் போன் போடவில்லை. மெயில் போட்டேன். அதுதான் முறை என்று ஆபாவிடமும் சொன்னேன். நலம் விசாரித்தேன். இந்தப் பணியில் அவர்கள் குழு காட்டிய ஒத்துழைப்பைப் பாராட்டினேன். மொழி என்பது உயிருள்ள பொருள் என்று ஒரு பத்தி. நாலாவது பத்தியின் கடைசியில், சில வரிகளைத் திரையில் ஒருமுறை மறுபார்வை பார்க்கும்வரை வெளியீட்டைத் தள்ளிவைப்பது குறித்துப் பரிசீலிக்கலாம் என்று எழுதினேன். ஆபா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

“அண்ணே, வீடு தீப்பிடிச்சிருச்சுன்னு சொல்லப் போயி, வாசல் கூட்டித் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

அனுப்பிவிட்டேன். ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. ‘மிக்க நன்றி சார், உங்களுக்கும்!’ கூடவே கும்பிடும் இரண்டு கை. அவர் எதுவரைக்கும் படித்தார் என்று எனக்குத் தெரியும். ஆபாவுக்கும் தெரியும். போனே போட்டுவிடலாமா என்று நாலு மணிவரை யோசித்தேன். நாலு மணிக்கு யோசிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

மறுநாள் காலையிலிருந்து ஆபா வேறு ஒரு வேலையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தார். பதினான்கு வீட்டு நம்பரும் ஒரு நோட்டில் இருந்தது. ரெண்டு வரி அடிப்பார். ஒரு வீட்டுக்குப் போன் போடுவார். மற்ற வீடுகளுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். “நம்பர் இல்லையே அண்ணே” என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன்.

“ஏதும் சேதி வந்துச்சாக்கா?… வந்தா மேல உள்ளத மட்டும் பாக்காதீங்க, தொட்டுத் திறந்து கடைசி வார்த்தையப் பாருங்க… ஆமாக்கா, கடைசி வார்த்தைதான் சேதி… மத்ததெல்லாம் சும்மா.”

‘மத்ததெல்லாம் சும்மா’ என்பதைத் தினமும் பதினான்கு தடவை கேட்டுக்கொண்டு வேலை செய்வது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

ஆறாம் நாள் மத்தியானம். சிக்னலுக்காக மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். எழுமலையில் ஒரு வீடு. செவலை மாடு, கன்று போட முடியாமல் கிடக்கிறது. டாக்டர் பதினொரு மணிக்கு வருகிறார் என்று காத்திருக்கிறார்கள். அப்போது மணி ஒன்றரை.

“அக்கா, செல்லை எடுங்க. அந்தப் பெட்டியத் தொடுங்க. தொட்டீங்களா? பெருசாச்சா? கடைசி வார்த்தையப் படிங்க… சத்தமாப் படிங்கக்கா.”

பிறகு ஆபா, “அழுகாதீங்க. உசிலம்பட்டிக்கு ஆள விடுங்க. பைக் இருக்கா? ஓடச் சொல்லுங்க, இப்பவே” என்றார். போனை வைத்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். ஆபா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உசிலம்பட்டியிலிருந்து வேறு டாக்டரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டதாம். மாடு பிழைத்தது. கன்று தங்கவில்லை.

நான் மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் ‘நல்லா இருக்கீங்களா’ என்பதற்குள், “நான் பொய் சொன்னேன், ஒரு வரியையும் திரையில பாக்கலை, அத மாத்தணும்” என்றேன். முன்னுரை இல்லாமல் என் வாழ்நாளில் நான் பேசிய முதல் வாக்கியம் அது. தண்டனைக்குத் தயாராக இருந்தேன். மேனேஜர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “அது பரவால்ல சார். அந்தக் கட்டத்த நாங்களும் இழுத்துத்தான் விடுவோம்” என்றார். ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். ஆபா எழுதிய பழைய வரி, அப்படியே. ஒரு மணி நேர வேலை அது.

அந்த மாதக் கடைசியில் ஆபாவுக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் தயார் செய்தேன். நின்றபடியே படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், விசாரணைக் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். எந்த டாக்டர், எந்த மாடி, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால் என்று வருகிறவர்களுக்கு அவரவர் மொழியில் சொல்வது.

“இங்க என்ன குறை?” என்றேன்.

“குறை ஒண்ணுமில்லை அண்ணே. அங்க ஆளு நேர்ல வந்து நிக்குது” என்றார். படி இறங்கும்போது திரும்பி, “எழுமலைக்கு நான் போய்ட்டு வந்துட்டேன். எழுதுனவரு நீங்க. ஒருதடவ போய்ப் பாத்துட்டு வாங்க” என்றார். வாரேன் என்று சொன்னாரா, நினைவில்லை. செருப்புச் சத்தம்தான் கேட்டது.

ஒரு மாதம் தள்ளிப்போட்டுவிட்டுப் போனேன். தேய்த்த சட்டை, தோளில் ஒரு தோல் பை. பஸ்ஸில் போகும்போதே என்ன சொல்வது என்று தாளில் குறித்துக்கொண்டேன். எழுமலையின் ஓரத்தில் வீடு. தகரக் கொட்டகை, அதில் செவலை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கணவர் என்னைக் கண்டதும், “வாங்கய்யா, காலையிலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கோம்” என்று ஓடி வந்தார். ஆபா சொல்லியிருப்பார் போல என்று நெகிழ்ந்துபோனேன். வாளியில் தண்ணீரும் பிரிக்காத சோப்பும் துண்டும் தயாராக இருந்தன. இந்தப் பக்கத்து உபசரிப்பே தனி என்று நினைத்துக்கொண்டேன். “முழங்கைவரைக்கும் கழுவுங்கய்யா” என்றார் அவர். கழுவினேன்.

துண்டில் துடைத்துக்கொண்டு தொடங்கினேன். ஒத்தக்கடையிலிருந்து வருகிறேன் என்றேன். இன்றைக்குக் கைப்பேசி எல்லோர் வாழ்விலும் நுழைந்துவிட்டது என்றேன். ஆங்கிலத்தில் ஒரு சேதி இருக்கும் விதமும் தமிழில் அது அமையும் விதமும் வேறு என்பதற்கு ஒரு உதாரணம் சொன்னேன். மன்னிப்பு என் தாளில் ஐந்தாவது குறிப்பு; நான் மூன்றாவதில் இருந்தேன். கணவர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடு ஒரு காலை மாற்றி வைத்தது. அந்தப் பெண்தான் கயிற்றை விடாமல் குறுக்கே பேசினார்.

“ஏய்யா, கையக் கழுவிட்டு இம்புட்டு நேரமாப் பேசுறீங்க. நீங்க மாட்டு டாக்டரா, இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க.”